விறகுவெட்டிகள் காத்த காடு

லண்டன் ரயில் வரைபடத்தில் நகரை மேற்கிலிருந்து கிழக்காகக் கீறிக்கொண்டு போகும் சிவப்புக் கோடுதான் சென்ட்ரல் லைன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் எப்பிங் போகிற வண்டியாகப் பார்த்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்துவிடும். வீடுகளின் பின்புறத் தோட்டங்களையும் கொடியில் காயும் துணிகளையும் பார்த்தபடி அரை மணி நேரம் போனால் லௌட்டன் நிலையம். இறங்கி, அட்டையைத் தட்டி வெளியே வந்து, கடைவீதியைத் தாண்டிக் கால் மணி நேரம் நடந்தால் ஆயிரம் ஆண்டு வரலாறுள்ள காடு ஒன்றின் ஓரத்தில் நிற்கலாம்.

எப்பிங் காட்டுக்குள் போய்த் திரும்பும் வழிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் லௌட்டனில் தொடங்கி லௌட்டனிலேயே முடியும் சுற்று ஒன்று ரயிலில் வருபவர்களுக்கு வசதியானது. ஸ்ட்ராபெரி ஹில் குளம், மேட்டின்மேல் இரும்புக்காலக் கோட்டை, நெடுஞ்சாலையைக் கடந்து ஹை பீச், மறுபடி கடந்து கிரேட் மங்க் வுட், அங்கிருந்து ஓடைக் கரையோடு இறங்கி ஊர். மொத்தம் பத்து, பதினோரு கிலோமீட்டர். ஆங்கிலேய நடைக்காரர்கள் இதை 'மிதமானது' என்ற வகையில் சேர்ப்பார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. ஆனால் கயிறோ குச்சியோ இல்லாமல், சாதாரண உடல்வாகு உள்ள யாரும் நடந்துவிடலாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில் பார்த்தால் லௌட்டன் சுற்று இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். சேற்றையும் தேநீரையும் வழி தவறுவதையும் நெய்ஸ்மித் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

வழி தவறுவது இங்கே சர்வ சாதாரணம். அதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது.

இங்கிலாந்தின் மற்ற கிராமப்புறங்களில் நடப்பவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில்தான் நடக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழி உரிமைப் பாதைகள் உள்ளன. ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை வரைபடங்களில் அவை பச்சை நிறத் துண்டுக் கோடுகளாகத் தெரியும். பாதை கோதுமை வயலின் நட்டநடுவில் போனாலும் விவசாயி அதை மறிக்கக் கூடாது. நடப்பவரும் கோட்டை விட்டு விலகி வயலுக்குள் இறங்கக் கூடாது. வேலிக்கு வேலி படியேணியும் சுழல்கதவும் மஞ்சள் அம்புக்குறியும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அம்பைப் பின்பற்றினால் போதும்.

எப்பிங்கில் அந்தக் கோடு இல்லை. காடு முழுவதுமே மக்களுக்குத் திறந்தது. எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் இடையில் வேண்டுமானாலும் நடக்கலாம். அதனால் காலடிப் பாதைகள் நூற்றுக்கணக்கில் பின்னிக் கிடக்கின்றன, பலகைகள் குறைவு. காடு வடக்கு தெற்காகச் சுமார் 19 கிலோமீட்டர் நீளம், அகலம் எங்கும் 4 கிலோமீட்டரைத் தாண்டாது. இவ்வளவு ஒடுக்கமான காட்டில் தொலைந்துபோக முடியுமா என்று கேட்பவர்கள் ஒருமுறை நவம்பர் மாத மாலை மூன்றரை மணிக்கு கிரேட் மங்க் வுட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்ப்ளோரர் 174 என்ற வரைபடத்தாளோ, சார்ஜ் உள்ள செல்பேசியோ கையில் இருப்பது உத்தமம்.

லௌட்டனின் ஃபாரஸ்ட் ரோடு வழியாக நுழைந்தால் முதலில் வருவது ஸ்ட்ராபெரி ஹில் குளம். பார்வைக்கு இயற்கைக் குளம் போலத்தான் இருக்கும். ஆனால் எப்பிங்கின் குளங்களில் பெரும்பாலானவை மனிதர் உண்டாக்கியவை. சாலை போடச் சரளை தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நின்று, அல்லி படர்ந்து, இன்று வாத்தும் தும்பியும் வாழ்கின்றன. லீ ஆற்றுக்கும் ரோடிங் ஆற்றுக்கும் இடையில் நீளும் மேடு இது. மேலே சரளை, கீழே லண்டன் களிமண். இந்த மண் உழவுக்கு லாயக்கில்லை. தலைநகரின் வாசலில் இத்தனை பெரிய காடு மிஞ்சியதற்கு முதல் காரணம் அதுதான்.

குளத்தைத் தாண்டி மேட்டில் ஏறும்போது மரங்கள் விசித்திரமாக மாறுகின்றன.

ஹார்ன்பீம் மரம் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அடிமரம் உருண்டையாக இல்லை. முறுக்கிப் பிழிந்த ஈரத் துணி போல நரம்பு நரம்பாகப் புடைத்திருக்கிறது. பட்டை சாம்பல் நிறம், தொட்டால் வழவழப்பு. ஆளுயரத்துக்குச் சற்று மேலே அடிமரம் திடீரென்று நின்றுவிடுகிறது. அங்கே முடிச்சு முடிச்சாகப் பெருத்த ஒரு தலை. அந்தத் தலையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரத்தின் பருமனில், நேராக மேலே கிளம்புகின்றன. தலையின் நடுக்குழியில் மழைநீரும் இலைச் சருகும் தேங்கி, அதில் பெரணி முளைத்திருக்கிறது. சில மரங்களின் அடி முழுக்கக் கோறையாகிவிட்டது. உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். ஆனாலும் உச்சியில் இலை பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது.

இது வெட்டப்பட்ட காடு. 'போலார்ட்' என்று அவர்கள் சொல்லும் முறையில் கவ்வாத்து செய்யப்பட்ட மரங்கள் இவை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை மட்டும் விறகுக்காக வெட்டுவார்கள். அடிமரத்தைத் தொட மாட்டார்கள். தரையோடு வெட்டினால் துளிர்ப்பதை மானும் மாடும் மேய்ந்துவிடும். ஆளுயரத்துக்கு மேல் வெட்டினால் அவற்றின் வாய் எட்டாது. ஒரே நிலத்தில் மேலே விறகு, கீழே மேய்ச்சல். அடிக்கடி கவ்வாத்து செய்தால் மரத்துக்கு ஆயுளும் கூடும். உச்சி பாரம் குறைவதால் காற்றில் சாயாது, கோறை விழுந்தாலும் தாங்கும். எப்பிங்கில் இப்படிப்பட்ட பழமரங்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பீச், ஓக், ஹார்ன்பீம் மூன்றும்தான் அதிகம். ஹார்ன்பீம் இரும்பு போன்ற கட்டை. காற்றாலைப் பல்சக்கரங்களுக்கும் கசாப்புக் கட்டைகளுக்கும் அதைத்தான் தேடுவார்கள், அடுப்பில் நின்று எரியும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே இது அரசனின் வேட்டைக்காடு. ஆனால் அரச காடு என்றால் மரமெல்லாம் அரசனுடையது என்று பொருளில்லை. மான் அரசனுடையது. நிலம் ஊர் ஊராகப் பண்ணையாருடையது. மேய்ச்சலும் விறகும் குடியானவர்களின் உரிமை. எட்டாம் ஹென்றி 1543-இல் சிங்ஃபோர்டில் வேட்டையைப் பார்க்கக் கட்டிய மூன்றடுக்கு மாடம் இன்றும் எலிசபெத் ராணி பெயரில் நிற்கிறது. லௌட்டன் ஊராரின் விறகு உரிமைக்குக் கட்டடம் எதுவும் இருக்கவில்லை, வழக்கம் மட்டும்தான் இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் தொடங்கி ஏப்ரல் 23 வரை கிளை வெட்டலாம். அந்த நள்ளிரவில் முதல் கிளை வெட்டப்படாமல் போனால் உரிமை அதோடு போயிற்று என்பது ஊர் நம்பிக்கை. அதனால் ஆண்டுதோறும் அந்த இரவில் தீ மூட்டி, பீர் குடித்து, மணி பன்னிரண்டு அடித்ததும் கோடரியோடு மேட்டில் ஏறுவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது. லௌட்டனுக்கு 1856-இல். ரயில் வந்ததும் நிலத்தின் விலை எங்கோ போயிற்று. அதற்கு முன்பே, 1851-இல், பக்கத்து ஹைனால்ட் காட்டின் அரச காடு என்ற தகுதியை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நீக்கியிருந்தது. அந்தக் காட்டின் பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி விளைநிலமாக்கினார்கள். அடுத்தது எப்பிங்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரசின் வேட்டை உரிமையைப் பண்ணையார்கள் ஒவ்வொருவராக விலைக்கு வாங்கிக்கொண்டு வேலி போடத் தொடங்கினார்கள். லௌட்டன் பண்ணையின் உரிமையாளர் ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட் ஊர்ப் பாதிரியாரும்கூட. அவர் 1860-களில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்தார்.

தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டி வேலியைப் பொருட்படுத்தவில்லை. ஊர்க்கதை இப்படிப் போகும்: அந்த நவம்பர் இரவில் விறகுவெட்டிகளை எல்லாம் விருந்துக்கு அழைத்து, நள்ளிரவு கடக்கும்வரை குடிக்க வைத்து, உரிமையை நழுவவிடச் செய்யப் பண்ணையார் தரப்பு திட்டம் போட்டது. வில்லிங்கேல் மட்டும் நேரம் பார்த்து எழுந்து போய்க் கிளையோடு திரும்பினார். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்த்தது என்று உள்ளூர் வரலாற்றாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அடுத்து வந்த சிறைவாசம் கதையல்ல. 1866-இல் வில்லிங்கேல் குடும்பத்து இளைஞர்கள் மூவர் மரத்துக்குச் சேதம் விளைவித்ததாகத் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்ட மறுத்து உள்ளே போனார்கள். லண்டனில் கோபம் மூண்டது. முந்தைய ஆண்டுதான் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் ஷா-லெஃபெவ்ரும் நண்பர்களும் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். சங்கம் வில்லிங்கேலின் பெயரில் வழக்குப் போட்டது. 1870-இல் அவர் இறந்தார். வாதி இல்லாத வழக்கும் அதோடு முடிந்தது.

இதற்குப் பிறகு வருவதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று சொல்லியிருப்பார்கள். காட்டைக் காப்பாற்றியது ஒரு கல்லறைத் தோட்டம்.

லண்டன் நகரின் பழைய மையமான சிட்டியின் மாநகராட்சி, இறந்தவர்களைப் புதைக்க இடமில்லாமல் 1850-களில் காட்டின் தெற்கு முனையில் பண்ணை நிலம் ஒன்றை வாங்கிக் கல்லறைத் தோட்டம் அமைத்திருந்தது. அந்த நிலத்தோடு பழைய மேய்ச்சல் உரிமையும் சேர்ந்து வந்தது. இங்கேதான் வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள். எப்பிங்கில் ஒரு பண்ணையின் குடியானவர் தன் மாட்டை அந்தப் பண்ணை எல்லைக்குள் மட்டுமல்ல, காடு முழுக்க மேய விடலாம் என்பது வழக்கம். அப்படியானால் வடக்கே எப்பிங்கில் எவரோ போட்ட வேலியும் தெற்கே கல்லறைத் தோட்டத்துக்காரரின் மாட்டை மறிக்கிறது. ஒரு மாட்டையும் மேய்க்காத மாநகராட்சி, இந்த உரிமையை வைத்து 1871-இல் பண்ணையார்கள் அத்தனை பேர் மீதும் வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் என்ற தெற்குப் புல்வெளியில் கிழக்கு லண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1874-இல் நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸல் தீர்ப்பளித்தார்: அண்மையில் போட்ட வேலிகள் சட்டவிரோதம்.

1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காட்டில் வேலி போடக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது, மக்களின் இன்பத்துக்கான திறந்த வெளியாக எப்போதும் இருக்க வேண்டும். பொறுப்பு சிட்டி மாநகராட்சிக்கு. சிட்டியின் எல்லையிலிருந்து பல மைல் தள்ளியிருக்கும் இந்த 2,400 ஹெக்டேரை இன்றும் அதுதான் நிர்வகிக்கிறது. காட்டின் நலனைக் கவனிக்கும் 'வெர்டரர்' என்ற நால்வரை ஏழாண்டுக்கு ஒருமுறை மேய்ச்சல் உரிமையாளர்கள் இப்போதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1882 மே 6 அன்று விக்டோரியா மகாராணி சிங்ஃபோர்டு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் ஹை பீச் போய், காட்டை மக்களுக்கு என்றென்றைக்கும் உரியதாக அறிவித்தார்.

நடைக்குத் திரும்புவோம். ஸ்ட்ராபெரி ஹில்லுக்கு வடக்கே, பீச் மரங்களுக்கு நடுவில் லௌட்டன் கேம்ப் இருக்கிறது. கி.மு. 500 வாக்கில் எழுப்பிய மண்கோட்டை. மண்கரையும் அகழியும் இலைச்சருகில் புதைந்து மெல்லிய அலையாகத்தான் தெரியும், சொல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். 1872 வரை இப்படி ஒன்று இருப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வழிப்பறிக்காரன் டிக் டர்பின் இங்கே பதுங்கியிருந்தான் என்பார்கள். பதுங்கிய இடத்துக்கு ஆதாரம் இல்லை. 1737-இல் இந்தக் காட்டில் தன்னைப் பிடிக்க வந்த ஒருவனை அவன் சுட்டுக் கொன்றதும், இரண்டு ஆண்டு கழித்து யார்க் நகரில் தூக்கில் தொங்கியதும் மெய்.

எப்பிங் நியூ ரோடு என்ற நெடுஞ்சாலையைக் கடக்கும்போது நிதானம் வேண்டும். கார்கள் விரையும், மான்களும் குறுக்கே பாயும். இந்தக் காட்டின் மான்களில் கருநிறமானவை அதிகம். அந்தி நேரத்தில் ஓட்டுநருக்கும் நடப்பவருக்கும் கண்ணில் படாது.

மறுபுறம் ஹை பீச். கூரிய கோபுரமுள்ள தேவாலயம், மதுக்கடை, பெஞ்சுகள், தேநீர்க் குடில்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் சட்டை அணிந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் பேக்கன் ரொட்டியும் பெரிய கோப்பைத் தேநீருமாகக் கூடி நிற்பார்கள். பொருத்தமான இடம்தான். 1928 பிப்ரவரி 19 அன்று பிரிட்டனின் முதல் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று பரவலாகச் சொல்லப்படுவது இங்கே கிங்ஸ் ஓக் மதுக்கடையின் பின்புறத்தில்தான் நடந்தது.

ஹை பீச்சிலிருந்து கிளம்பிய நடைகளில் புகழ்பெற்றது ஒன்று உண்டு. அது சுற்று நடையல்ல. உழவர் குடியில் பிறந்த கவிஞர் ஜான் கிளேர், மனநலம் குன்றி 1837-இல் இங்கே மருத்துவர் மேத்யூ ஆலன் நடத்திய இல்லத்தில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் ஒரு நாள் சொல்லாமல் கிளம்பி, கையில் காசில்லாமல், சுமார் 80 மைல் தூரத்தை நான்கு நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்றதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். இளமைக் காதலி மேரி ஜாய்ஸ் காத்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் நடந்தார். அவள் இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அதே காலத்தில் கவிஞர் டென்னிசனும் ஹை பீச்சில் குடியிருந்தார். அதே மருத்துவர் தொடங்கிய இயந்திர மரச்செதுக்குத் தொழிலில் பணம் போட்டு இழந்தார். ஆலனின் மருத்துவத்தைவிட அவரது வியாபாரம் மோசம் என்று தோன்றுகிறது.

தேநீர் முடிந்ததும் சாலையை மறுபடி கடந்து கிரேட் மங்க் வுட். நடையின் அழகான பகுதி இதுதான். பீச் மரங்கள் நெடுநெடுவென்று கூரை போட்டிருக்கின்றன. அக்டோபர் கடைசியில் இலை தாமிர நிறமாகும்போது தரையும் கூரையும் ஒரே வண்ணத்தில் எரியும். ஆனால் சற்று நின்று பார்த்தால் ஏதோ குறைவது தெரியும். தரையில் செடியில்லை, பூவில்லை. அங்கங்கே ஹாலிப் புதர் தவிர இளம் மரமும் இல்லை.

குறை தொடங்கியது 1878-இல்தான். விறகு வெட்டும் உரிமையை நிலைநாட்டத்தான் சண்டை மூண்டது. சண்டையில் வென்ற சட்டமோ அந்த உரிமையை 7,000 பவுண்டு இழப்பீடு கொடுத்து முடித்துவைத்தது. புதிய பொறுப்பாளர்களுக்குப் போலார்ட் மரங்கள் முடமாகத் தெரிந்தன. இயற்கையாக ஓங்கி வளர்ந்த மரம்தான் அழகு என்று நம்பினார்கள். காட்டின் ஓரத்தில், வால்தம்ஸ்டோவில், பிறந்து சிறுவயதில் இங்கே குதிரையில் சுற்றிய கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், ஹார்ன்பீம்களைக் கழித்துக்கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு 1895-இல் நாளிதழுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். கோடரி நின்று நூறு ஆண்டுக்கு மேல் ஆனதில், வெட்டப்படாத கிளைகள் பருத்து, உச்சியை மூடி, வெயிலைத் தரைக்கு விடாமல் செய்துவிட்டன. கோறை விழுந்த அடிமரங்கள் பாரம் தாங்காமல் பிளந்து விழுகின்றன. மனிதக் கை படாமல் விட்டால் காடு தானே செழிக்கும் என்ற எண்ணம் எப்பிங்குக்குப் பொருந்தவில்லை.

இப்போது சில பகுதிகளில் மறுபடி கவ்வாத்து செய்கிறார்கள், கூலிக்கு ஆள் வைத்து, ஏணியும் இயந்திர ரம்பமுமாக. மேய்ச்சலும் திரும்பியிருக்கிறது. 1990-களின் நடுவில் பி.எஸ்.இ. என்ற மாட்டு நோயின் நெருக்கடி முற்றும்வரை எப்பிங் மாடுகள் கட்டவிழ்ந்து திரிந்தன. தெற்கே வான்ஸ்டெட் பகுதியில் தெருவில் நின்று போக்குவரத்தை மறிப்பதும் வீட்டுத் தோட்டத்து ரோஜாவைத் தின்பதும் அன்றாடக் காட்சி. இன்று மேய்பவை நீண்டு வளைந்த கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகள். கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை. மேய்ச்சல் எல்லையைக் கணினியில் வரைந்துவிட்டால், மாடு அதை நெருங்கும்போது பட்டை ஒலிக்கும். ஒலியை மீறினால் லேசான மின்னதிர்ச்சி. வேலியே கூடாது என்று சட்டம் சொல்லும் காட்டில், கண்ணுக்குத் தெரியாத வேலி.

விழுந்த மரங்களை அப்படியே விட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் பராமரிப்பு சரியில்லை என்பார்கள். ஆனால் மான்கொம்பு வண்டு என்ற பெரிய வண்டின் புழு மக்கும் கட்டைக்குள் பல ஆண்டு கிடந்துதான் வண்டாகிறது. இந்தக் காட்டுக்குச் சிறப்புப் பாதுகாப்பு கிடைத்த காரணங்களில் அதுவும் ஒன்று. காளான்களும் அந்தக் கட்டைகளில்தான். பறிக்கத் தடை. கூடை நிறையப் பறித்துக்கொண்டு போனால் வழக்கு வரும்.

கிரேட் மங்க் வுட்டுக்குள் இருக்கும் பிளாக்வெயர் குளத்துக்கு உள்ளூரில் 'தொலைந்த குளம்' என்று பெயர். முதல் முறை தேடுபவர்களுக்குக் காரணம் விளங்கிவிடும். அங்கிருந்து லௌட்டன் ஓடையோடு இறங்க வேண்டும். களிமண்ணில் அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது ஓடை. கரை ஒருபுறம் இடிய, மறுபுறம் மணல் திட்டு சேர்கிறது. ஆறு எப்படித் தடம் மாறும் என்று பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்ட ஆசிரியர்கள் இங்கே அழைத்து வருவது உண்டு. மழைக்காலத்தில் இந்தப் பகுதியில் சேறு கணுக்கால் வரை. அழகான வெள்ளைக் காலணி போட்டு வந்தவர்கள் இங்கேதான் வருந்துவார்கள். வெல்லிங்டன் பூட்ஸோ நீர்புகா நடைக் காலணியோ வேண்டும். வெயில் காலத்தில் சேறு இராது, உண்ணி இருக்கும். லைம் நோயைப் பரப்பும் என்பதால் முழுக்கால் சட்டை அணிந்து, வீடு போனதும் முழங்கால் மடிப்பைப் பார்த்துக்கொள்வது பழக்கமாக வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கிளம்பும் நேரத்தை அதற்குத் தக்கபடி வைக்க வேண்டும்.

ஸ்டேபிள்ஸ் ரோட்டில் காடு முடிந்து ஊர் தொடங்குகிறது. நிலையத்துக்குத் திரும்பும் வழியில், கடைவீதி முனையில், 1884-இல் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. லாப்பிங் ஹால். இழப்பீட்டுப் பணத்தின் ஒரு பகுதியில் ஊராருக்காக எழுந்த மன்றம். ஸ்டேஷன் ரோடு பக்கத்துப் பழைய வாசலுக்கு மேலே சுடுமண் சிற்பத்தில் விறகுவெட்டிகள் கிளை வெட்டுகிறார்கள். கீழே நடப்பவர்கள் பெரும்பாலும் செல்பேசியைப் பார்த்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

கிழக்கு லண்டன் தமிழர்களுக்கு இந்தக் காட்டைத் தொட லௌட்டன் வரை போக வேண்டியதுகூட இல்லை. மேனர் பார்க் சர்ச் ரோட்டில் இருக்கும் முருகன் கோயிலிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ். பையன்கள் கால்பந்து ஆடும், வானம்பாடிகள் தரையில் கூடு கட்டும் அந்தப் புல்வெளி சட்டப்படி எப்பிங் காட்டின் பகுதி. வழக்கை வென்றுகொடுத்த கல்லறைத் தோட்டமும் அதன் பக்கத்திலேயே, ஆல்டர்ஸ்புரூக் ரோட்டில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் வான்ஸ்டெட் பூங்காவின் ஷாலே வுட் தோப்பில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூக்கும். பத்து கிலோமீட்டர் போதாது என்பவர்களுக்கு, சட்டத்தின் நூற்றாண்டான 1978-இல் தொடங்கிய செண்டினரி வாக் என்ற நெடுநடை இருக்கிறது. மேனர் பார்க்கில் ஆரம்பித்து எப்பிங் வரை 15 மைல். இது சுற்று நடை இல்லை என்பதால் எப்பிங்கிலிருந்து திரும்பி வர மறுபடி சென்ட்ரல் லைன்தான்.